8 ஆண்டு உத்தரவாதமும் 70 விழுக்காட்டுக் கணக்கும்

திருமங்கலத்தில் குடியிருந்து மதுரைக்கு நாள்தோறும் மின்சாரக் காரில் போய்வருகிறேன். வாங்கிய புதிதில் ஒரே சார்ஜில் திண்டுக்கல் சென்று திரும்பிய பிறகும் மிச்சம் காட்டிய வண்டி, மூன்றாம் கோடையில் திரும்பும் வழியில் வாடிப்பட்டியிலேயே சார்ஜ் நிலையம் தேட வைத்தது. சர்வீஸ் மையத்தில் ஏசி, வெயில், நான்கு வழிச் சாலை வேகம் என்று காரணம் சொன்னார்கள். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் அந்த வெயில் முதல் ஆண்டிலும் அடித்தது.

8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை பேட்டரிக்கு உத்தரவாதம் என்பதை விற்கும்போது உரக்கச் சொல்கிறார்கள். பேட்டரியின் கொள்ளளவு புதிதில் இருந்ததில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அது குறைபாடாகக் கருதப்படும் என்று என் கையேட்டில் இருந்த அடுத்த வரியை யாரும் வாசித்துக் காட்டவில்லை. 72 இருந்தால் கேட்க உரிமையில்லை. டேஷ்போர்டில் தெரிவது சார்ஜ் அளவே தவிர பேட்டரியின் ஆரோக்கியம் அன்று. அதை நிறுவனத்தின் சோதனைக் கருவிதான் படித்துச் சொல்ல வேண்டும். தராசும் கடைக்காரர் கையிலேயே இருக்கிறது.

ஆகவே 'நார்மல்' என்ற வாய்மொழியை ஏற்காமல் அச்சிட்ட அறிக்கை கேட்டேன். என் வண்டியில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. சார்ஜ் இறங்கும்போதும் அதன் மின்னழுத்தம் பெரிதாக மாறாது என்பதால், அவ்வப்போது 100 விழுக்காடு ஏற்றாவிட்டால் பேட்டரி அளவு பற்றிய கணிப்பு தவறும். முழுதாக ஏற்றி மீண்டும் அளக்கச் சொன்ன பிறகே, ஒரு மாட்யூலில், அதாவது பேட்டரிக்குள் பல செல்களைச் சேர்த்த ஒரு தொகுதியில், சில செல்கள் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பது வெளிப்பட்டது.

அதன் பின் காத்திருப்பதுதான் பெரும்பாடு. லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்கு வகையில் சேர்வதால் சாதாரண பார்சலில் வராது; உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவரும் வெளியூரிலிருந்து வர வேண்டும். வண்டி கொட்டகையில் நிற்க, மாதத் தவணை மட்டும் தவறாமல் போனது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தை அணுக முடியும் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிய பிறகுதான் பழுது நீக்கும் தேதி கிடைத்தது.

மாற்றித் தந்தது அந்த மாட்யூலை மட்டுமே. பழுது நீக்குவதா, முழுதாக மாற்றுவதா என்பது நிறுவனத்தின் முடிவு என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். புதிய மாட்யூலுக்குத் தனியாக 8 ஆண்டும் இல்லை. பழைய உத்தரவாதத்தில் எஞ்சிய காலம்தான்.

பழைய மின்சாரக் கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேட்டரி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது உரிமையாளருக்குச் சில நிறுவனங்கள் உத்தரவாதக் காலத்தைக் குறைத்துவிடுகின்றன. அதையும் எழுத்தில் பெறுவது நல்லது.