ஃபில்டர் ஜக் உண்மையில் வேலை செய்கிறதா, எப்படிச் சோதிப்பது?

நீர்க்குடம்:
வணக்கம். மேல்தட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் கார்ட்ரிட்ஜ் வழியாக மெல்ல இறங்கிக் கீழே சேருமே, அந்த மாதிரி ஃபில்டர் ஜக் ஒன்று வாங்கியிருக்கிறேன். கூடவே, தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் வாங்கினேன். குழாய்த் தண்ணீரில் 310 காட்டுகிறது, ஜக் தண்ணீரில் 262. குளோரின் வாடை போய்விட்டது, ருசியும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீட்டரைப் பார்த்தால் பெரிதாக எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லை. எங்கள் கட்டடம் பழையது. உள்ளே என்ன குழாய் போட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் ஈயத்தை நினைத்துத்தான் பயம். இந்த ஜக் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மழைத்துளி:
310-இலிருந்து 262 என்பது ஒன்றுமே இல்லை. ஆர்ஓ வைத்தால் இதைவிடப் பல மடங்கு குறையும். ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: தண்ணீரில் கொஞ்சம் கேசரி கலர் கலந்து ஜக்கில் ஊற்றிப் பாருங்கள். நிறம் போய்விட்டால் ஃபில்டர் நல்லது, போகாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

குப்பிக்காரன்:
நீர்க்குடம், முதலில் அந்த மீட்டரை எடுத்து வைத்துவிடுங்கள். நான் தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இதே இரண்டு எண்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு கவலையோடு வருகிறவர்கள் நிறைய.

டிடிஎஸ் மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும்தான். அதை ஒரு எண்ணால் பெருக்கி மில்லிகிராமாகக் காட்டுகிறது. குளோரின் போனதா, பூச்சிமருந்து இருக்கிறதா, கிருமி இருக்கிறதா, எதுவும் அதற்குத் தெரியாது. ஈயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். உங்கள் மீட்டரில் ஒரே ஒரு எண் நகர 1 மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம் வேண்டும். அந்த அளவைப் போல நூறு மடங்கு ஈயம் இருந்தாலும் 310 என்பது 311 ஆகும், அவ்வளவுதான்.

அப்படியானால் 48 எங்கே போனது? சாதாரண ஜக் கார்ட்ரிட்ஜில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த கரி. குளோரினையும் வாடையையும் போக்குவது அதுதான். இன்னொன்று ரெசின் மணிகள். அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடுகின்றன. அது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிவிடும். உங்கள் மீட்டர் பார்த்தது இந்த இறக்கத்தைத்தான். சோடியம், குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாம் அநேகமாக அப்படியே கீழே வந்துவிடும். ரெசின் தீர்ந்துகொண்டே வரும்போது இரண்டு எண்களும் நெருங்கி வருவதைப் பார்ப்பீர்கள். உங்கள் ஜக்கைப் பொறுத்தவரை மீட்டருக்கு அந்த ஒரு பயன் உண்டு. (எல்லா உப்பையும் எடுத்து எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவரும் ரெசின் ஜக்குகளும் இருக்கின்றன. அவற்றில் மட்டும் மீட்டர் சொல்வதைக் கேட்கலாம்.)

வீட்டிலேயே உருப்படியாகச் செய்யக்கூடியது குளோரின் சோதனை. டிபிடி மாத்திரை அல்லது பொடி வரும் கிட் வாங்குங்கள், நீச்சல் குளத்துக்கு விற்பதே போதும். மூன்று குப்பிகள் வேண்டும். ஒன்றில் அப்போது பிடித்த குழாய்த் தண்ணீர், ஒன்றில் ஜக் தண்ணீர். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: ஜக்கில் தண்ணீர் இருந்த அதே நேரம் ஒரு திறந்த கண்ணாடிப் பாத்திரத்தில் சும்மா வைத்திருந்த குழாய்த் தண்ணீர். குளோரின் தானாகவே ஓரளவு காற்றில் போய்விடும். அந்தப் புகழையும் சேர்த்து ஃபில்டருக்குக் கொடுத்துவிடக் கூடாது. மருந்தைப் போட்டுக் குலுக்கியதும் குளோரின் உள்ள குப்பியில் இளஞ்சிவப்பு பரவும். பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் உடனே பாருங்கள். வைத்துவிட்டுப் போய் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் நிறம் கூடியிருக்கும், அந்த அளவை நம்ப முடியாது.

இதைப் புது கார்ட்ரிட்ஜில் செய்து திருப்திப்பட்டுவிடாதீர்கள். புதிதாக இருக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்யும். மாற்ற வேண்டிய நேரம் நெருங்கும்போது செய்யுங்கள், அதுதான் உண்மையான பரீட்சை. மூடியில் உள்ள விளக்கை நம்பியும் பயனில்லை. பல ஜக்குகளில் அது நாளை எண்ணுகிறது, சிலவற்றில் மூடி திறப்பதை எண்ணுகிறது. தண்ணீரை அது பார்ப்பதே இல்லை.

மழைத்துளி, கேசரி கலர் சோதனை கரி உயிரோடு இருக்கிறது என்று சொல்லும், அது சரிதான். ஆனால் அந்தச் சாயமே கரியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூக்கிப்போடப் போகிற கார்ட்ரிட்ஜில் வேண்டுமானால் செய்து பார்க்கலாம். சாயம் போனதால் ஈயமும் போகும் என்று அர்த்தமில்லை.

ஈயத்துக்கு முதலில் பெட்டியைப் பாருங்கள். என்எஸ்எஃப் என்பது ஃபில்டர்களுக்கான அமெரிக்கத் தரச் சான்று. அதில் 42 என்று மட்டும் இருந்தால் அது ருசி, வாடை, குளோரின் பற்றியது. உடல்நலம் சார்ந்தவை 53-இல் வரும். 53 என்று போட்டிருந்தாலும் போதாது, அதன் கீழே ஈயம் என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் சோதித்துத்தான் சான்று தருகிறார்கள். ஈயத்துக்கு, லிட்டருக்கு 150 மைக்ரோகிராம் கலந்த தண்ணீரை விட்டு, வெளியே வருவது 5-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. மாற்றச் சொல்லும் விளக்கு இல்லாத ஜக் என்றால், சொன்ன கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் ஓடிய பிறகும் அந்த 5-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். வீட்டில் இப்படி நம்மால் சோதிக்க முடியாது. நிறம் மாறும் பட்டைகளை இவ்வளவு சிறிய அளவுக்கு நான் நம்ப மாட்டேன்.

குழந்தைக்குப் பால்பொடி கலக்குவதாக இருந்தால், இந்த ஜக் கிருமிக்கானது இல்லை என்பதை மறக்க வேண்டாம். குளோரின் போன தண்ணீருக்குப் பாதுகாப்பும் போய்விடுகிறது. ஜக்கை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், குழந்தைக்குக் கொதிக்கவைத்தே கொடுங்கள். கொதிக்கவைத்தால் ஈயம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். அதனால் வடிகட்டிய பிறகு கொதிக்கவைப்பதே சரியான வரிசை.

நீர்க்குடம்:
மிக்க நன்றி. கிட் வாங்கிச் செய்துவிட்டேன். குழாய்த் தண்ணீர் நல்ல இளஞ்சிவப்பு, திறந்து வைத்தது அதைவிட வெளிறல், ஜக் தண்ணீரில் நிறமே இல்லை. பெட்டியில் 42 மட்டும்தான் இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: வாங்கியபோது இருந்ததைவிட இப்போது மெதுவாக இறங்குகிறது. கெட்டுவிட்டதா?

குப்பிக்காரன்:
குளோரினுக்கு உங்கள் ஜக் நன்றாகவே வேலை செய்கிறது. மெதுவாக இறங்குவது பெரும்பாலும் நுண்ணிய வண்டல் அடைப்பதால், சில நேரம் உள்ளே காற்று சிக்கியதால். திடீரென்று வேகமாக இறங்கினால்தான் நான் பதறுவேன். கார்ட்ரிட்ஜ் சரியாக உட்காராமல் தண்ணீர் பக்கவாட்டில் நழுவுகிறது என்று அர்த்தம். எடுத்து நன்றாக அழுத்திப் பொருத்துங்கள்.

ஈயத்துக்கு இந்த கார்ட்ரிட்ஜ் எந்த உறுதியும் தரவில்லை. அதனால் ஃபில்டரைச் சோதிக்கும் முன் குழாய்த் தண்ணீரையே சோதித்துவிடுங்கள். இரவு முழுக்க, குறைந்தது ஆறு மணி நேரம் குழாயைத் திறக்காமல் விட்டு, காலையில் வரும் முதல் ஒரு லிட்டரை ஆய்வகம் தரும் பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள். குழாயை ஓடவிட்ட பிறகு பிடித்தால் ஊறிய ஈயம் போய்விடும், முடிவு பொய்யாக நன்றாக வரும். அளவு மிகக் குறைவாக இருந்தால் இந்த ஜக்கையே வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமை ஒட்டி வந்தால் 53-இல் ஈயத்துக்குச் சான்று உள்ளதற்கு மாறுங்கள். முடிவு வரும்வரை, குழந்தைக்கு எடுக்கும் முன் குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, குளிர்ந்த தண்ணீர்க் குழாயிலிருந்து மட்டும் பிடியுங்கள். கீசர் தண்ணீரில் ஈயம் அதிகமாகக் கரையும்.