தடுப்பூசிக்குப் பின் வந்த அரிய இரத்த உறைவு: காரணத்தை இவ்வளவு விரைவாகக் கண்டது எப்படி?

நெல்லைவாசி:
வணக்கம். அஸ்ட்ராஜெனகா தடுப்பூசி (நம்மூர் கோவிஷீல்டு) மிக அரிதாக இரத்த உறைவை உண்டாக்கலாம் என்று அந்நிறுவனம் பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாக 2024-இல் செய்தி வந்தது. ஒவ்வொரு நாட்டிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளே இருந்த நிலையில், காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அவர்களுக்கு, இரத்தம் உறைய உதவும் அணுக்களான தட்டணுக்களும் குறைந்திருந்தனவாம். அவை குறைந்தால் இரத்தக் கசிவுதானே ஏற்பட வேண்டும், உறைவு ஏன்?

ஆய்வகத்தான்:
அந்த ஒப்புதல் புதிய செய்தியன்று. இதை மிக அரிய பக்கவிளைவாகச் சேர்க்க வேண்டும் என ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரல் 7-ஆம் தேதியே கூறிவிட்டது.

உறைவைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரின் செலுத்தப்பட்ட சிலருக்குத் தட்டணு குறைந்து, கூடவே உறைவும் ஏற்படும் ஒரு நோயை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவந்தவர் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியாஸ் கிரைனாகர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பாதிக்கப்பட்ட 11 பேரைப் பற்றி, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக வல்லுநரான வார்கென்டினும் சேர்ந்து எழுதிய அவரது கட்டுரையும், ஆஸ்லோ மருத்துவர்கள் 5 பேரைப் பற்றி எழுதிய கட்டுரையும் ஒரே நாளில், 2021 ஏப்ரல் 9 அன்று, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியாயின. ஹெப்பாரினே பெறாதவர்களின் இரத்தத்திலும், தட்டணுக்கள் வெளியிடும் பி.எஃப்.4 என்னும் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் (நோயெதிர்ப்புப் புரதங்கள்) இருந்ததை இரு குழுவினரும் கண்டிருந்தார்கள்.

அந்த ஆன்டிபாடிகள் அடங்கிய நோயாளியின் சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) நலமான ஒருவரின் தட்டணுக்களோடு சோதனைக் குழாயில் சேர்த்தால் அவை தூண்டப்பட்டுத் திரள்கின்றன. பிறர் தானமளித்த இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் ஆன்டிபாடிக் கலவையான இம்யூனோகுளோபுலினைச் சேர்த்தால் அந்தத் தூண்டல் அடங்குகிறது. உடலிலும் உறைவுக் கட்டிகளில் தட்டணுக்கள் செலவழிந்துவிடுவதால்தான் எண்ணிக்கை குறைகிறது. சிகிச்சையும் அந்தச் சோதனையை ஒட்டியே அமைந்தது: இம்யூனோகுளோபுலினும், ஹெப்பாரின் அல்லாத உறைவுத் தடுப்பு மருந்தும்.

மருதம்:
இதன் தொடர்ச்சிதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இத்தடுப்பூசி, சளி, காய்ச்சல் போன்றவற்றை உண்டாக்கும் வைரஸ் வகையான அடினோவைரஸை அடிப்படையாகக் கொண்டது. 2023-இல் அமெரிக்காவின் வட கரோலினா மருத்துவர்கள், தடுப்பூசியால் அன்றி, சாதாரண அடினோவைரஸ் தொற்றுக்குப் பின்னரே இத்தகைய உறைவு ஏற்பட்டதைப் பதிவு செய்தனர். ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தினர் கிரைஃப்ஸ்வால்ட் குழுவினரோடு சேர்ந்து ஆராய்ந்து, இரு வகை நோயாளிகளின் ஆன்டிபாடிகளும் ஒரே மூலக்கூறு அடையாளம் கொண்டவை என்று 2024-இல் காட்டினார்கள். ஒரே கண்டத்து மாதிரிகளை மட்டும் வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

நெல்லைவாசி:
மிக்க நன்றி. அன்று ஊசி போட்டுக்கொண்ட என் தாயார் இப்போது அஞ்ச வேண்டுமா ஐயா?

ஆய்வகத்தான்:
வேண்டியதில்லை. இந்நோய் பெரும்பாலும் ஊசி போட்ட 5 முதல் 30 நாட்களுக்குள் வெளிப்படுவது. வேறு தொந்தரவு ஏதும் இருந்தால், அதை அதற்குரிய மருத்துவரிடம் காட்டுங்கள்.