நிகோஜ் பாறைக்குழிகள்: முட்டிவலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

பெரம்பூர் பயணி:
டிசம்பர் லீவுக்கு சென்னையிலிருந்து புனேக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து நிகோஜ் போய்வர ஆசை. குகடி ஆறு பாறையில் குடைந்த குழிகளைப் படத்தில் பார்த்ததிலிருந்து அம்மாவே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு முட்டிவலி. வெறும் குழிகளைப் பார்க்க அவ்வளவு தூரம் போகலாமா? பேசாமல் ஊர் திரும்பியபின் ஒகேனக்கல் போய்விடலாமா?

கல்லும் ஆறும்:
தாராளமாகக் கூட்டிப் போங்கள் சார். அம்மா பாலத்தில் நின்றபடியே பள்ளத்தாக்கைப் பார்த்துவிடலாம். மளகங்கா தேவி கோயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. கரும்பாறையில் இறங்கி நடப்பது மட்டும் அவருக்கு வேண்டாம், மேடுபள்ளம் அதிகம்.

நீங்கள் இறங்கினால் பெரிய குழிகளைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். தண்ணீர் வற்றிய ஒரு சின்னக் குழியருகே உட்கார்ந்து அடியைப் பாருங்கள். கொஞ்சம் மணல், உருண்டைக் கற்கள் சில, வழவழவென்று கிடக்கும். குழியைக் குடைந்தது அந்த மாதிரிக் கற்கள்தான். வெள்ளம் சுழிக்கும்போது ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பாறையை அரைக்கும். கல்லும் தேயும், தேய்ந்ததன் இடத்துக்கு அடுத்த வெள்ளம் வேறு கல்லைக் கொண்டுவரும். சுவரைத் தடவினால் சுழன்ற வளைவு கைக்கே தெரியும். பாறையோ சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. அதில் இருக்கும் விரிசலிலோ சிறு பள்ளத்திலோதான் குழி தொடங்கும். கையகலப் பள்ளத்திலிருந்து ஆள் இறங்குமளவு குழிவரை எல்லாம் பக்கம் பக்கமாகவே இருக்கும். எனக்குப் பெரியவற்றைவிட இந்தத் தொடக்கக் குழிகள்தான் ரொம்பப் பிடிக்கும்.

தயவுசெய்து ஒரு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள். குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. குகடி கோட் ஆற்றில் சேர்கிறது, கோட் பீமாவில், பீமா கிருஷ்ணாவில். 1996 முதல் நம் பூண்டி ஏரிக்கு வருவதும் கிருஷ்ணா தண்ணீர்தான். அதைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்காக மகாராஷ்டிரம் தன் பங்கிலிருந்து 5 டிஎம்சி கொடுக்க ஒப்புக்கொண்டது. பெரம்பூர்க்காரர் போய்ப் பார்க்க இந்த ஒரு காரணம் போதும்!

ஒகேனக்கல்லுக்கு அருவிக்கும் பரிசலுக்கும் போகலாம். அதை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

புனேவாசி:
புனேயிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) சாலையில் ஷிரூர் போய் அங்கே திரும்ப வேண்டும். வாடகைக் கார் வசதி. ஊருக்குள் ‘ராஞ்சண் களகே’ என்று கேளுங்கள், மராத்தியில் இந்தக் குழிகளுக்கு அதுதான் பெயர்.

பெரம்பூர் பயணி:
ரொம்ப நன்றி. டிசம்பரில் குழிகள் வெளியே தெரியுமா? பையன் குளிக்க வேண்டும் என்கிறான்.

கல்லும் ஆறும்:
மழைக்காலத்தில்தான் வெள்ளம் மூடிவிடும். டிசம்பரில் பார்க்கலாம், ஆனால் மேலே அணைகள் இருப்பதால் திறந்துவிட்டால் நீர் ஏறும். தண்ணீர் இன்னும் இறங்கிப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல்.

குளியல் கூடவே கூடாது. குழி நிறைந்திருந்தால் ஆழம் கண்ணுக்குத் தெரியாது, சுவர் வழுக்கும், ஏறிவரப் பிடிமானம் கிடையாது. விளிம்பிலிருந்து நாலடி தள்ளியே பையனை நிறுத்துங்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். சாப்பாட்டை ஷிரூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.