மறு: ‘ரஃப் ஐடில்’ – கலைச்சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

வண்டி நிற்கும்போது இன்ஜின் குறைந்த வேகத்தில் தானாக ஓடிக்கொண்டிருப்பது ‘ஐடில்’; அது சீராக இல்லாவிட்டால் ‘ரஃப் ஐடில்’. இதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: ‘கரடுமுரடான செயலற்ற நிலை’, ‘சீரற்ற வெற்றோட்டம்’, ‘ஒழுங்கற்ற மந்தகதி’. பழைய பிக்கப் வண்டிகளுக்கான கையேட்டைத் தமிழாக்கும் நண்பருக்கு அவசரம் என்பது தெரிகிறது. ஆனாலும் கொஞ்சம் பொறுக்கலாம்.

முதலாவதை இப்போதே கழித்துவிடலாம். செயலற்ற இன்ஜினா? பிளக்கில் பொறி விழுகிறது, ஆயில் பம்ப் சுழல்கிறது, ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறது, நிமிடத்துக்கு 700, 800 சுற்று ஓடுகிறது. சும்மா நிற்பது வண்டிதான்.

‘வெற்றோட்டம்’ அழகான சொல். ஜெர்மனிலும் ‘வெறும் ஓட்டம்’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே அதே சொல் நியூட்ரல் கியரையும் குறிக்கும். நமக்கு இன்னொரு வம்பும் உண்டு: பிக்கப் பற்றிய கையேட்டில் ‘வெற்றோட்டத்தில் குலுங்கும்’ என்று படித்தால், சரக்கு ஏற்றாமல் ஓட்டும்போது என்றுதான் எனக்குத் தோன்றும். ‘மந்தகதி’, இதை ‘மெதுவானது’ என்ற பொருளில் சொல்லும் பிரெஞ்சுக்காரர்கள் பார்வைக்கு நெருக்கம். முதல் கியரில் ஊர்ந்து போவதும் மந்தகதிதானே?

என் பரிந்துரை ‘நின்றோட்டம்’. நின்றபடி ஓடுவது. ‘கொன்றுண்ணி’யை (வேட்டையாடித் தின்னும் விலங்கு) ஏற்றுக்கொண்ட காதுக்கு இது உறுத்தாது.

சரி, ‘ரஃப்’ பக்கம் வருவோம். உண்மையான சிக்கல் இங்கேதான். “ஐட்லிங் சரியில்லை” என்று வண்டியை விட்டால், விவரமான மெக்கானிக் உடனே கேட்பார்: குலுங்குதா, ஏறி இறங்குதா, இல்ல அதிருதா? அவருக்கு இவை மூன்று தனித்தனி நோய்கள். நாமோ மூன்றுக்கும் சேர்த்து ‘சீரற்ற’ என்று ஒரே போர்வையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

குலுங்குவது என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும். ஒன்று படுத்துவிட்டால் நிமிடத்துக்கு 400 பள்ளம். பக்கக் கண்ணாடியில் பின்வண்டியின் விளக்கு இரண்டிரண்டாகத் தெரியும். இதைத்தான் ‘மிஸ்ஸிங்’ என்கிறோம். ‘எரிதவறல்’ எனலாமா? ஏறி இறங்குவது வேறு. ஐடில் வால்வில் (நிற்கும்போது இன்ஜினுக்குக் காற்றை அளந்துவிடும் அடைப்பான்) கரி படிந்தால், ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே வேகம் கூடும், குறையும், மறுபடி கூடும். இதற்குப் புதுச்சொல் வேண்டாம், இயற்பியலில் ‘அலைவு’ இருக்கிறது. ‘வேக அலைவு’ போதும். அதிர்வதில் இன்ஜின்மேல் குற்றமே இல்லாமலும் இருக்கலாம், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் நைந்திருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என்னிடம் இருந்த கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கருவி) பிக்கப் சிக்னலில் நின்றால் குலுங்கும், மிதித்தால் சரியாகிவிடும். பட்டறையில் பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்கள். குலுங்கல் அப்படியே. கடைசியில் நானே இறங்கினேன். காப்புப் பிடி போட்ட இடுக்கியால் ஓடும் இன்ஜினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். ஒன்று, இரண்டு, நான்கைக் கழற்றினால் இன்ஜின் தொய்ந்தது. மூன்றாவதைக் கழற்றினாலும் ஒன்றுதான், மாட்டினாலும் ஒன்றுதான். அப்படியானால் எரியாதது அந்தச் சிலிண்டர்தான். பொறி நன்றாக வந்தது, கம்ப்ரஷனும் (சிலிண்டரின் அழுத்தம்) மற்றவற்றுக்குச் சமம். ஆனால் இன்ஜினின் உள்ளிழுப்பை அளக்கும் வெற்றிட மானியில், கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டிய முள், 14ல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) கேஸ்கட்டின், அதாவது இணைப்பில் காற்று புகாமல் அடைக்கும் தகட்டின், விளிம்பில் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சினேன். (பக்கத்திலேயே கொதிக்கும் புகைபோக்கிக் குழாய். தீப்பற்றும், விளையாட்டல்ல.) மூன்றாவது குழாயின் அடியில் பட்டதுதான் தாமதம், யாரோ தோளைப் பிடித்து நிறுத்தியதுபோல் குலுங்கல் அடங்கியது. வேகமும் ஏறியது. நாலைந்து விநாடியில் ஆவி தீர்ந்து, பழையபடி குலுங்கல். கழற்றிப் பார்த்தால் கேஸ்கட்டில் நகக்கண் அளவுக்குக் கிழிசல்.

அந்தக் கிழிசல் செய்த வேலையைக் கையேட்டு வரைவு ‘வெற்றிடக் கசிவு’ என்கிறது. வெற்றிடம் எப்படி ஐயா கசியும்? வெளிக்காற்று உள்ளே புகுகிறது. கார்புரேட்டர் வழியாக வரும் காற்றுக்குத்தான் பெட்ரோல் கிடைக்கும்; எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்பது பெட்ரோல் முழுதாக எரிவதற்கான கணக்கு. இது அந்தக் கணக்கில் வராமல் பின்வாசல் வழியாக நுழையும் காற்று. கள்ளச்சாவி, கள்ளநோட்டு வரிசையில் ‘கள்ளக்காற்று’ என்று வைத்தால் என்ன? ஜெர்மன்காரர்களும் இதைப் ‘பொய்க்காற்று’ என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். நமது இன்னும் பொருத்தம், திருட்டும் இதில் இருக்கிறது.

சொல் சரியாக இருந்தால் விளக்கமும் எளிதாகிவிடும். நின்றோட்டத்தில் திராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால் நேர்வழியில் வரும் காற்று கொஞ்சம்தான். உள்ளே இழுப்போ அதிகம். அதனால் கள்ளக்காற்றின் பங்கு பெரிது. மிதித்தால் நேர்வழிக் காற்று பெருகும், இழுப்பும் குறையும், கள்ளக்காற்று கூட்டத்தில் காணாமல் போய்விடும். என் வண்டி மிதித்ததும் தெளிந்தது இதனால்தான். பட்டறைக்காரர் அந்த ஒரு குறிப்பைக் காதில் வாங்கியிருந்தால் பிளக்கைத் தொட்டிருக்க மாட்டார்.

ஆகவே தலைப்புக்கு ‘நின்றோட்டக் குறைகள்’, உள்ளே குலுங்கல், வேக அலைவு, அதிர்வு. அடிக்க வருபவர்கள் வரலாம்.

---

> நின்றபடி ஓடுவது.

நிற்பது வண்டி, ஓடுவது இன்ஜின். ‘நின்று’ என்ற எச்சத்துக்கும் ‘ஓட்டம்’ என்பதற்கும் வினைமுதல் வேறு. கொன்றுண்ணியில் கொல்வதும் உண்பதும் ஒரே விலங்கு. ‘கால் ஒடிந்து விழுந்தான்’ என்று சினைவினை (உறுப்பின் வினை) முதலோடு (உறுப்பை உடைய முழுப்பொருள்) முடிய நன்னூல் இடம் தருகிறது, ஒப்புக்கொள்கிறேன். இங்கே முதல் நின்று சினை ஓடுகிறதே! ‘கள்ளக்காற்று’க்கு என் முழு வாக்கு. ‘எரிதவறல்’ பரவாயில்லை. ‘நின்றோட்டம்’ இலக்கணப்படி நொண்டுகிறது.

---

நல்ல அடி, ஐயா. இலக்கணத்தில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் பேச்சைக் கவனியுங்கள். வாசலில் இன்ஜினை அணைக்காமல் வண்டியை விட்டு வந்தவரிடம் என்ன சொல்கிறோம்? “வண்டி ஓடிட்டே இருக்கு, ஆஃப் பண்ணு.” நிற்கும் வண்டியைத்தான் ஓடுகிறது என்கிறோம். நிற்பதற்கும் ஓடுவதற்கும் வண்டியே வினைமுதல் ஆகிவிடுகிறது.

இதுவும் நொண்டினால் ‘நிலையோட்டம்’ என்று மாற்றிக்கொள்ள எனக்கு மறுப்பில்லை, வேகம் மாறாத ஓட்டத்தோடு அது குழம்பாது என்று யாராவது உறுதி தந்தால். அதுவரை வரைவில் ‘நின்றோட்டம்’ என்றே போட்டு, பக்கத்தில் ‘ஐட்லிங்’ என்றும் எழுதிவைக்கிறேன். ஐடில் ஸ்க்ரூவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ‘ஸ்லோ ஏத்துற திருகு’ என்று பட்டறையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?