டி.சி. ஸ்டீல் மியூனிக்கிலிருந்து இண்டியானாவுக்கே ஏன் திரும்பினார்?

ஊர்சுற்றி: போன வாரம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பிரவுன் கவுன்டியில் ஓவியர் ஸ்டீலின் வீட்டைப் பார்த்தேன். ஜெர்மனியின் மியூனிக் அகாதெமியில் படித்தவர் 1885இல் நியூயார்க்குக்குப் போகாமல் இண்டியானாவுக்கு ஏன் வந்தார்? மண்பற்று என்கிறார்கள். நம்ப மனம் வரவில்லை.

பழைய தூரிகை: மண்பற்றும் இருந்திருக்கும். ஆனால் பணக் கணக்கையும் பாருங்கள். மனைவி, மூன்று குழந்தைகள், கையில் காசில்லை. இண்டியானாபொலிஸில் ஓவிய வணிகம் செய்த ஹெர்மன் லீபர், ஊர்ப் பெரியவர்களிடம் ஆளுக்கு 100 டாலர் திரட்டி 1880இல் அவரைக் குடும்பத்தோடு மியூனிக்குக்கு அனுப்பிவைத்தார். நன்கொடை அல்ல, முன்பணம்; ஈடாக அவர்களுக்கு ஓவியங்கள் தர வேண்டும். உருவப்படத்துக்குப் பணம் கொடுக்கக்கூடிய முகங்களும் அந்த ஊரில்தான் இருந்தன. பின்னாளில் அமெரிக்க அதிபரான பெஞ்சமின் ஹாரிசன் முதல் கவிஞர் ரைலி வரை வரைந்தார். உருவப்படம் சோறு போட்டது, நிலக்காட்சி காத்திருந்தது. முப்பது ஆண்டு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த நானும், அடுத்தவர் மாமனாரை மீசையோடு வரைந்துதான் வண்ணக்குழாய் வாங்கினேன்.

ஊர்சுற்றி: அப்படியானால் நிலக்காட்சி ஓவியர் என்று பெயர் வந்தது எப்படி ஐயா?

பழைய தூரிகை: மியூனிக் கற்றுக்கொடுத்தது பழுப்பும் கறுப்பும். அந்த இருட்டு இண்டியானா வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1894இல் சிகாகோவில் ஃபோர்சித், ஆடம்ஸ், ஸ்டார்க், குரூயெல் ஆகிய இண்டியானா ஓவியர்களின் படங்களுடன் அவர் படங்களும் காட்சிக்கு வந்தன. 'ஹூசியர் குழு' என்ற பெயர் அதன்பின் ஒட்டிக்கொண்டது; ஹூசியர் என்றால் இண்டியானாக்காரர்.

மலைப்பாதை: அவர் ஆசிரியராகவும் இருந்தாராமே?

பழைய தூரிகை: 1889இல் இண்டியானாபொலிஸில் ஓவியப் பள்ளி நடத்தத் தொடங்கினார், ஃபோர்சித் பிறகு சேர்ந்தார். எனக்குப் பிடித்தது கடைசிக் காலம். 1922இல் இண்டியானா பல்கலைக்கழகம் நூலகத்தின் மேல்மாடியில் அவருக்கு ஓவியக்கூடம் கொடுத்தது. பாடவேளை இல்லை, மதிப்பெண் இல்லை. மாணவர்கள் மாடியேறி வந்து, அவர் வரைவதைப் பார்ப்பார்கள். நானோ கரும்பலகையில் பூந்தொட்டி போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன்.

மலைப்பாதை: 'பாடும் காற்றின் இல்லம்' என்று வீட்டுக்குப் பெயர். கவிதை என்று நினைத்தேன்.

ஊர்சுற்றி: தாழ்வாரத்தின் கம்பிவலையில் காற்று உரசினால் வரும் ஓசைதானாம் அது. நான் போன அன்று இலைகூட அசையவில்லை.