மறு: இன்சுலேட்டட் பேண்ட் – வெப்பக்காப்பா, குளிர்காப்பா?

> குளிர்கால வேட்டை உடுப்புகள் பற்றிக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். குளிர் தாங்கப் பஞ்சு அடைத்த இன்சுலேட்டட் பேண்ட்டுக்கு இப்போதைக்கு 'வெப்பக்காப்புக் காற்சட்டை' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வணக்கம் ஐயா.

போட்டது தப்பில்லை. வெப்பக்காப்பு இயற்பியலில் பழகிய சொல். ஆனால் உடுப்பின் மேல் ஏறியதும் அதன் பொருள் புரண்டுவிடுகிறது. மழைக்காப்பு உடுப்பு மழையைத் தடுக்கும். தீக்காப்பு உடுப்பு தீயைத் தடுக்கும். அதே வரிசையில் 'வெப்பக்காப்புக் காற்சட்டை' என்று படிப்பவருக்கு உலை முன்னால் நிற்பவர்தான் கண்ணுக்குத் தெரிவார், பனியில் மானுக்காகக் காத்திருப்பவர் தெரியமாட்டார்.

சிக்கல் 'காப்பு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. பயிர்க்காப்பில் பயிர் காக்கப்படுகிறது. மழைக்காப்பில் மழை விலக்கப்படுகிறது. முன்னால் நிற்பது காக்கப்படும் பொருளா, விலக்கப்படும் பொருளா என்பதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். (கையில் போடும் காப்பை யாரும் இழுக்காதீர்கள், இந்த விவாத இழை எங்கோ போய்விடும்.)

> 'சூட்டுக் காற்சட்டை' என்றால் யாருக்கும் புரியும். எதற்கு இவ்வளவு மண்டைக் குடைச்சல்?

புரியும் அண்ணே, தப்பாகப் புரியும். இந்த உடுப்பு சூடு தருவதில்லை. சூட்டை உண்டாக்குவது உள்ளே இருக்கிற உடம்பு. மின்கலம் வைத்துச் சூடேற்றும் உடுப்புகள் தனியாக வருகின்றன, 'சூட்டு' என்பதை அவற்றுக்கு விட்டுவைப்போம்.

பெயரை நம்பி ஆள் ஏமாறுகிற இடம் இது. சூடு தரும் உடுப்பு என்று நினைப்பவர் கிளம்பும்போதே அதை மாட்டிக்கொள்வார். ஒரு மணி நேரம் பனியில் மேடேறுவார். அப்போது உடம்பு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது உண்டாக்குவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வெப்பத்தை உண்டாக்கும். தொடை வியர்க்கும், உள்ளடுக்கு நனையும். மறைவிடத்தில் அசையாமல் உட்கார்ந்த அரைமணியில் அந்த ஈரமே அவரை நடுங்க வைத்துவிடும், ஏனென்றால் அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். அனுபவசாலிகள் மெல்லிய கம்பளி உள்ளடுக்கோடு மெதுவாக நடப்பார்கள். தடித்த காற்சட்டை முதுகுப்பையில் போகும், உட்காரும் இடத்தில்தான் வெளியே வரும். இதற்காகத்தான் நல்ல காற்சட்டைகளில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பக்கவாட்டில் ஜிப் ஓடுகிறது, பூட்ஸைக் கழற்றாமலே மாட்டலாம். வாங்குவதற்கு முன் தடித்த கையுறை போட்ட கையால் அந்த ஜிப்பை ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கையேட்டில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

> லாஃப்ட் = உப்பல், உப்பளவு. ஃபில் பவர் = உப்புதிறன்.

குளிரைத் தடுக்கும் வேலையைச் செய்வது நார்களுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. அதைப் பிடித்து வைத்திருப்பதுதான் பஞ்சின் வேலை. பஞ்சு எவ்வளவு உப்பி நிற்கிறதோ அவ்வளவு காற்று உள்ளே இருக்கும். அதனால் 'உப்பல்' அருமையான சொல், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 'உப்பளவு' என்று நீட்டியதும் சமையலறைக்குள் போய்விட்டோம், உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. 'உப்புதிறன்' அதைவிட மோசம். ஃபில் பவருக்குப் 'பொங்குதிறன்' என்று வைப்போமே. ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பதுதான் அந்த எண். அதே எடைக்கு 600-ஐவிட 800 அதிகமாகப் பொங்கும்.

'தூவி' என்று எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? டவுன் (down) என்பதற்கு இந்த விவாத இழையில் மென்னிறகு, அடியிறகு, இறகுப்பஞ்சு எல்லாம் வந்தன. புதுச்சொல்லே தேவையில்லை. அன்னத்தின் தூவியைப் பரப்பிய படுக்கை சங்கப் பாட்டிலேயே உண்டு. அன்று படுக்கையில் பரப்பியதைத்தான் இன்று காற்சட்டையில் அடைக்கிறார்கள். 'மலர் தூவி' என்கிற வினையோடு குழம்புமே என்றால், வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள், குழம்பாது.

தூவியைப் பற்றி ஒரு சொந்தக் கதை. ஒருமுறை இரவல் வாங்கிய தூவிக் காற்சட்டையோடு இரும்பு இருக்கையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தொடையின் மேல்பக்கம் கதகதப்பாக இருந்தது. அடிப்பக்கம் காற்சட்டையே போடாத மாதிரி சில்லிட்டது. என் எடையில் தூவி நசுங்கித் தகடாகிவிட்டது. உப்பல் போனால் காப்பும் போச்சு. செயற்கை நார்ப்பஞ்சு அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும், நனைந்தாலும் ஓரளவு உப்பியே நிற்கும். தூவி நனைந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். உட்கார்ந்தே வேட்டையாடுபவருக்கு நான் செயற்கைப் பஞ்சைத்தான் சொல்வேன், அடியில் ஒரு நுரைத் தட்டும் வேண்டும்.

> க்ளோ அலகை 'ஆடையலகு' எனலாமா?

வேண்டாம். வாட்டும் ஜூலும் அப்படியே இருக்கிற மாதிரி க்ளோவும் இருக்கட்டும். 1941-இல் கேக், பர்ட்டன், பேசெட் மூவரும் உடுப்பின் காப்பை அளக்க முன்வைத்த அலகு அது. சுமார் 21 டிகிரி செல்சியஸ் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு வசதியாக இருக்கும் உடுப்பு 1 க்ளோ. ஆனால் உடுப்பின் சீட்டில் பெரும்பாலும் இது இருக்காது, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்றுதான் இருக்கும். 60 கிராம் நடமாடுபவருக்கு, 200 கிராம் உட்காருபவருக்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அது பஞ்சின் எடைதான். எடை ஒன்றாக இருக்கும் இரண்டு பஞ்சுகள் ஒரே அளவு காக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

மேல்துணிக்கு 'ஒலியடங்கு இழைமம்' என்று வந்திருந்ததைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கலைச்சொல் எதற்கு? 'சரசரக்காத துணி' போதும். வழவழப்பான நைலான் குளிரில் விறைத்து, தொடையோடு தொடை உரசும்போது சத்தம் போடும். மான் அதற்கு மேல் அங்கே நிற்காது.

சரி, என் ஓட்டு: குளிர்காப்புக் காற்சட்டை. உள்ளே அடைப்பது காப்புப்பஞ்சு. வெப்பக்காப்பு இயற்பியல் பக்கங்களிலேயே இருக்கட்டும்.

-----

> 'குளிர்காப்பு' என்றால் ஐஸ் பெட்டி போலக் குளிரைப் போகாமல் காப்பது என்றும் படிக்கலாமே? உங்கள் பயிர்க்காப்பு வாதம் உங்கள் மேலேயே திரும்புகிறது.

மாட்டிக்கொண்டேன் அம்மா. பெட்டிக்குச் சொன்னால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் குளிரைச் சேர்த்து வைக்க யாரும் காற்சட்டை போடுவதில்லை, அதனால் குளிர்காப்புக் காற்சட்டைக்கு ஒரே பொருள்தான் கிடைக்கும். வெப்பக்காப்புக்கு அந்த வசதி இல்லை. வெப்பத்தை விலக்கும் உடுப்பும் உண்டு, வெப்பத்தை வைத்திருக்கும் உடுப்பும் உண்டு.

அப்புறம், மார்பு வரை ஏறித் தோளில் பட்டையோடு தொங்கும் வகை ஒன்று பாக்கி. குனிந்தாலும் இடுப்பில் காற்று புகாது, உட்கார்ந்து வேட்டையாடுபவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். 'மார்புக் காற்சட்டை' எழுதும்போதே சிரிப்பு வருகிறது. 'தோள்வார்க் காற்சட்டை' எப்படி?