நாகர்கோவிலிலிருந்து கொக்குவில்: ஊழியம் செய்ய ஆசை, எங்கே தொடங்குவது?

கொக்குவிலுக்குப் புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நாகர்கோவில் பக்கம். கணவருக்கு யாழ்ப்பாணத்தில் வேலை, பக்கத்துல கொக்குவிலில் வீடு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி காங்கேசன்துறையில் இறங்கி ரெண்டு மாசம் ஆகுது. ஊரில் வாலிபர் ஐக்கியத்தோடு சனிக்கிழமை தவறாமல் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கப் போவேன். இங்கேயும் தொடங்கலாம்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்"னு சொன்னேன். அவங்க முகமே மாறிடுச்சு. "என்னத்துக்குப் பேசப் போறீர்?"னு கேட்டாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்? இங்க விசுவாசத்தை எப்படிப் பகிர்ந்துக்கிறது?

மானிப்பாய் ரீச்சர்:
தங்கச்சி, முதல்ல அந்தச் சொல்லை முடிப்பம். இஞ்சை "பேசுறது" எண்டால் ஏசுறது. "கதைக்கோணும்" எண்டு சொல்லியிருந்தால் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் தந்திருப்பா. போய்ச் சிரிச்சுக்கொண்டு விளங்கப்படுத்துங்கோ, அவவும் சிரிப்பா.

கைப்பிரதியை இப்போதைக்குப் பெட்டியிலேயே வையுங்கோ. இந்திய அரசியலமைப்பின்ரை 25ஆம் பிரிவிலை மதத்தைப் பரப்புறதுக்கும் உரிமை எழுதிக் கிடக்கு. இலங்கையின்ரை 14ஆம் பிரிவிலை வழிபாடு, அனுட்டானம், போதனை எல்லாம் இருக்கு, பரப்புறது எண்ட சொல் இல்லை. அது அடிப்படை உரிமை இல்லை எண்டு 2003இலை இஞ்சத்தை உயர் நீதிமன்றமும் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி) சொல்லிப்போட்டுது. போதாக்குறைக்கு அந்தப் பிரிவே பிரசைகளுக்கானது. நீங்கள் வீசாவிலை நிக்கிற ஆள். உங்களைப் பாக்க ஊரிலையிருந்து வாற ஆக்களும் சுற்றுலா வீசாவிலை வந்து செபக்கூட்டம் வைக்கப்படாது.

கோயில் தேடேக்கையும் ஒண்டு கவனியுங்கோ. உங்கட ஊர் சி.எஸ்.ஐ.யிலை (தென்னிந்திய திருச்சபை) அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையள் எல்லாம் ஒண்டாச் சேந்திட்டினம். இஞ்சை தென்னிந்திய திருச்சபை யாழ். ஆதீனம் (உங்கட பேராயம் மாதிரி) 1816இலை வந்த அமெரிக்க மிசன் வழி. மெதடிஸ்த சபையும் அங்கிலிக்கன் சபையும் தனித்தனி. வேதக்காரரிலை, அதுதான் கிறிஸ்தவரிலை, கூடப் பேர் கத்தோலிக்கர்தான்.

இனி நீங்கள் கேட்ட விசயம். ஒண்டும் தெரியாத சனத்திட்டை வந்திருக்கிறன் எண்டு நினையாதேங்கோ. உங்கட ஒழுங்கையிலை இருக்கிற சைவக்காரரிலை எத்தினையோ பேர் மிசன் பள்ளிக்கூடத்திலை படிச்ச ஆக்கள், மலைப்பிரசங்கம் பாடமாச் சொல்லுவினம். பேர்சிவல் பாதிரியாரோடை இருந்து பைபிளைத் தமிழாக்க உதவின ஆறுமுக நாவலர்தான் 1848இலை வண்ணார்பண்ணையிலை சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினவர். பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் காட்டி மதம் மாத்திறாங்கள் எண்ட கோவம் அண்டைக்கே இருந்தது, இண்டைக்கும் அடியிலை கிடக்கு. அதே காலத்திலை 1847இலை வந்த அமெரிக்க மிசன் கிறீன் வைத்தியர் எங்கட மானிப்பாயிலை தமிழிலேயே மருத்துவம் படிப்பிச்சவர், மருத்துவப் புத்தகங்களையும் தமிழிலை ஆக்கினவர். சனம் அவரை இண்டைக்கும் நல்லாத்தான் சொல்லுது. (சொந்த ஊர்ப் பெருமை, பொறுத்துக்கொள்ளுங்கோ.)

நான் சொல்லுறது இவ்வளவுதான்: நீங்கள் ஒரு சேவை தொடங்காதேங்கோ. அயல் சனம் செய்யிற வேலையிலை போய்ச் சேருங்கோ, அதுவும் கடைசி ஆளா. நீங்கள் தொடங்கினால் நீங்கள் குடுக்கிற ஆள், மற்றவை கை நீட்டுற ஆக்கள். அவை தொடங்கின வேலையிலை நீங்கள் கோப்பை கழுவினால் அயலுக்குள்ளை ஒராள்.

செத்தவீட்டைச் சொல்லுறன். இஞ்சை செத்தவீட்டிலை அடுப்பு மூட்டிறேல்லை. அயலட்டைதான் தேத்தண்ணியும் சாப்பாடும் குடுக்கும். சைவச் செத்தவீடெண்டால் சுண்ணம் இடிக்கிறது, திருப்பொற்சுண்ணம் பாடுறது எல்லாம் இருக்கும். அந்த நேரம் நீங்கள் ஒரு பக்கமாத் தலைகுனிஞ்சு நிண்டால் காணும், ஒருத்தரும் குறை நினையாயினம். கிரியை முடிஞ்சு ஆம்பிளையள் சுடலைக்குப் போன பிறகு வீடு கழுவ, கதிரை அடுக்க ஆள் காணாது. அங்கை நில்லுங்கோ.

என்ரை மனுசன் மோசம் போனபோது பந்தல் போட்டதும் தேத்தண்ணி ஊத்தினதும் எங்கட ஒழுங்கைச் சைவப் பெடியள்தான். எட்டு நாள் கழிச்சு முன்வீட்டு அம்மா வந்து குந்தியிருந்து கேட்டா: "பிள்ளை, உங்கட ஆக்கள் ஏன் ஒப்பாரி வைக்கேல்லை? கவலை இல்லையோ?" கவலை நெஞ்சு நிறைய இருக்கு, ஆனால் திரும்பக் காணுவம் எண்டு நம்பிறம் எண்டன். அண்டைக்கு இரண்டு மணித்தியாலம் கதைச்சம். முப்பது வருசம் அயலிலை இருந்து நானாக் கதைச்சிருந்தால் அவ கேட்டிருக்கமாட்டா, அவ கேட்டபடியால் நான் சொன்னன். அவ இப்பவும் வெள்ளிக்கிழமையிலை நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்குத்தான் போறா. எனக்கு விபூதி கொண்டுவந்து தரமாட்டா, பஞ்சாமிர்தம் கொண்டுவருவா.

வண்ணார்பண்ணைப் பெடியன்:
நான் சைவம். ரீச்சர் சொன்னது சரி. அம்மம்மா படுக்கையிலை கிடக்கேக்கை ஒரு கூட்டம் செபிக்க வந்து, சாமிப்படத்தைக் கழட்டினால்தான் சுகம் வரும் எண்டினம். அப்பா படலை மட்டும் கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு வந்தார். பக்கத்து வளவு வேதக்கார அண்ணை ஆறு மாசம் கிளினிக்குக்கு ஓட்டோவிலை ஏத்தி இறக்கினவர், ஒரு வசனம் சொல்லேல்லை. கடைசியிலை நான்தான் அவரிட்டை "ஏன் அண்ணை இப்பிடிச் செய்யிறியள்?" எண்டு கேட்டனான். சொன்னார். நான் மாறேல்லை, ஆனால் இயேசு எண்டால் எனக்கு அவற்றை ஓட்டோதான் ஞாபகம்.

இன்னொண்டு அக்கா. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கட வீடுகளிலை மச்சம் இல்லை. அந்த நாளையிலை மீன்குழம்பு குடுத்து விடாதேங்கோ. தண்ணீர்ப் பந்தலிலை மோர் ஊத்த ஆள் தேவை, அதுக்கு வாங்கோ.

கொக்குவிலுக்குப் புதுசு:
ரெண்டு பேருக்கும் நன்றி. அக்காகிட்ட போய்ச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒரு சந்தேகம். தண்ணீர்ப் பந்தலில் நின்னா சாமி கும்பிட்ட மாதிரி ஆயிடாதா? ஊரில் அம்மா கேட்டா என்ன சொல்றது?

மானிப்பாய் ரீச்சர்:
தாகத்துக்கு மோர் குடுக்கிறியள், தேருக்கு வடம் பிடிக்கேல்லை. பூசைத்தட்டு வந்தால் "நான் வேதம், வேண்டாம்" எண்டு மரியாதையாச் சொல்லலாம். ஒளிச்சு நிக்கிறதுதான் சரியில்லை. சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள்ளை விடாதேங்கோ. அதுவும் மனம் ஒப்பாட்டி விடுங்கோ, வேற வேலை எத்தினையோ கிடக்கு.

கொக்குவிலுக்குப் புதுசு:
வாசிகசாலை பலகையில் சனிக்கிழமை காலை 6 மணிக்கு டெங்கு சிரமதானம்னு போட்டிருக்காங்க. யாரு வேணாலும் போகலாமா? மண்வெட்டி வாங்கணுமா?

மானிப்பாய் ரீச்சர்:
ஆரும் போகலாம். மண்வெட்டி வாசிகசாலையிலை கிடக்கும். மாரி தொடங்கமுதல் சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய ரயர் பொறுக்கிறதுதான் கூட, அதுக்கு ஒரு உரப்பை காணும். முடியத் தேத்தண்ணியும் பனங்கட்டியும் வரும். பனங்கட்டியைத் தேத்தண்ணிக்குள்ளை போடாதேங்கோ, கடிச்சுக் கடிச்சுக் குடிக்கிறது.